டை காப் சறுக்கி வரும் பழைய பேஸ்பால் படம் விலைக்கு வந்திருக்கிறது. அது அசல்தானா என்று எப்படி அறிவது?

ஓடுபவர் தொட வேண்டிய மூன்றாவது இடமான மூன்றாவது பேஸை நோக்கி, அமெரிக்க பேஸ்பால் வீரர் டை காப் புழுதி பறக்கச் சறுக்கி வரும் புகைப்படம் 'அரிய அசல்' என்ற பெயரில் விலைக்கு வந்திருப்பதாகவும், அதை நம்பி வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பழைய பத்திரிகைப் புகைப்படங்களைச் சேகரித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: முன்பக்கத்தை ரசித்து முடித்ததும் படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள்.

இந்தப் படத்தை எடுத்த சார்லஸ் கான்லன், நியூயார்க் நாளிதழ் ஒன்றில் மெய்ப்புத் திருத்திக்கொண்டே 1904 முதல் 1942 வரை மைதானங்களில் படமெடுத்தவர். 1910 வாக்கில் நியூயார்க்கின் ஹில்டாப் பார்க் மைதானத்தில் காப் பாய்ந்து வந்தபோது, பேஸைக் காத்து நின்ற எதிரணி வீரர் ஜிம்மி ஆஸ்டினுக்கு அடிபட்டுவிடுமோ என்ற கவலையே அவர் மனத்தை நிறைத்திருந்தது. படம் எடுத்தோமா என்பதே நினைவில்லாமல், எதற்கும் இருக்கட்டும் என்று கேமராவில் படம் பதியும் கண்ணாடித் தகட்டை மாற்றி வைத்தார். கழுவிப் பார்த்த பிறகே, நிலைதடுமாறும் ஆஸ்டினும் இறுகிய முகத்தோடு காப்பும் அதில் பதிந்திருப்பதை அறிந்தார். இதை விடச் சிறந்த பேஸ்பால் படம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் ஒரே நெகட்டிவிலிருந்து எத்தனை காலம் கழித்தும் பிரிண்ட் போடலாம் என்பதால், காட்சி எவ்வளவு பழையது என்பதை விட, கையில் இருக்கும் தாள் எப்போது அச்சானது என்பதே விலையைத் தீர்மானிக்கிறது. மூல நெகட்டிவிலிருந்து, படமெடுத்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குள் போடப்பட்ட பிரிண்டைச் சேகரிப்பாளர்கள் முதல் வகை என்பார்கள். அதே நெகட்டிவிலிருந்து பின்னாளில் போட்டது இரண்டாம் வகை. நகல் நெகட்டிவிலிருந்து போட்டவையும், பத்திரிகைகளுக்குத் தந்திக் கம்பி வழியாக அனுப்பப்பட்டு வந்தவையும் மூன்றாம், நான்காம் வகைகள். 'அசல்' என்று மட்டும் விற்பவர் சொன்னால், எந்த வகை என்று கேளுங்கள்.

பின்பக்கத்தில் புகைப்படக்காரரின் முத்திரை, ஒட்டிய குறிப்புச் சீட்டு, பத்திரிகை அலுவலகத் தேதி முத்திரை, ஆசிரியர் பென்சிலால் போட்ட அளவுக் குறிகள் ஆகியவை இருக்கலாம். சிலர் அவற்றைக் குறையாக நினைக்கிறார்கள். எனக்கோ, அந்தத் தாள் ஒரு மேசையில் கிடந்து வேலை செய்ததற்கான சாட்சியாக அவையே மிகவும் பிடித்தவை. முத்திரையைப் போலியாகவும் குத்தலாம் என்பதால் தாளையும் சோதிக்க வேண்டும். இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டும்போது தாள் பளீரென்று நீலவெண்மையாக ஒளிர்ந்தால், அது பெரும்பாலும் 1950களுக்குப் பிந்தையது, ஏனெனில் ஒளிர்வூட்டும் வேதிப்பொருள்களைப் புகைப்படத் தாளில் சேர்த்தது அதற்குப் பிறகுதான். ஒளிராவிட்டால் பழையது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். ஒளிராத புதிய தாள்களும் உண்டு. படத்தைச் சாய்த்துப் பார்த்தால் கரும்பகுதிகளில் வெள்ளி பூத்தாற்போன்ற மினுக்கம் தெரிவது, வயதுக்கு நல்ல அறிகுறி.

இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. முன்னாள் பேஸ்பால் வீரரும் விளையாட்டுப் பொருள் வணிகருமான ஸ்பால்டிங் சேர்த்து, நியூயார்க் பொது நூலகத்துக்கு 1921இல் வந்த சேகரிப்பிலிருந்து பல பேஸ்பால் பொருள்கள் பின்னாளில் திருடுபோயின. அதனால் பின்பக்கத்தில் நூலக முத்திரையைச் சுரண்டி எடுத்தது போன்ற தடம் தெரிந்தால் எச்சரிக்கையாக இருங்கள். பணம் கட்டும் முன், பின்பக்கத்தின் தெளிவான படத்தையும், யார் யார் கைமாறி வந்தது என்ற விவரத்தையும் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.