ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதற்காக ஒரே பள்ளி வேண்டாம்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, என் கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்து எட்டு மாதம் ஆகிறது. சம்பளம் 7,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஜூராங்கில் நண்பர்களோடு ஓர் அறையில் தங்கியிருக்கிறார். நானும் பிள்ளைகளும் தஞ்சாவூரில் இருக்கிறோம். மகளுக்கு 12 வயது, சிபிஎஸ்இ-யில் ஏழாம் வகுப்பு. மகனுக்கு 9 வயது. ஜூன் மாதமே எல்லோரும் கிளம்பிவிடலாம் என்று டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அங்குள்ள இந்தியப் பள்ளிகளின் கட்டணத்தைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அரசுப் பள்ளி மலிவு, சுலபமாக இடம் கிடைக்கும் என்கிறார் ஒருவர். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இடமே கிடையாது என்கிறார் இன்னொருவர். யார் பேச்சை நம்புவது?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அன்புள்ள தங்கைக்கு, முதலில் ஒன்று. டிக்கெட்டை இன்னும் போடவில்லை என்றால் போடாதீர்கள்.

நானும் ஒரு ஜூன் மாதத்தில்தான் மகளோடு இங்கே வந்து இறங்கினேன். நம் ஊரில் அப்போதுதானே பள்ளி திறக்கும் என்ற நினைப்பு. இங்கே அரசுப் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. இடையில் இடம் கிடைக்கவில்லை, தனியார் பள்ளிக்குக் கையில் பணம் இல்லை. ஏழு மாதம் அவள் வீட்டில் இருந்தாள். காலையில் மின்தூக்கிக்குப் பக்கத்தில் சீருடையோடு நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். உங்கள் பிள்ளைகளுக்கு அது வேண்டாம் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்களிடம் பேசிய இரண்டு பேரும் பாதி உண்மை சொல்லியிருக்கிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடம் உண்டு. ஆனால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கொடுத்த பிறகு மீதி இருந்தால்தான். அதற்குக் கல்வி அமைச்சு ‘ஏஇஐஎஸ்’ என்ற நுழைவுத் தேர்வை நடத்துகிறது. ஆங்கிலம், கணிதம் இரண்டும்தான் பாடம். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் எழுதித் தேறினால் அடுத்த ஜனவரியில் சேரலாம். தொடக்கநிலை 2 முதல் 5 வரையும் உயர்நிலை 1 முதல் 3 வரையும் இதன் வழியாகச் சேர்க்கிறார்கள் (இங்கே முதல் ஆறு வகுப்புகள் தொடக்கநிலை, அதற்குப் பிறகு உயர்நிலை). எந்தப் பள்ளி என்பதை அமைச்சுதான் சொல்லும், நாம் கேட்டு வாங்க முடியாது. நன்றாக எழுதினாலும் காலியிடம் இல்லை என்றால் இல்லைதான். கட்டிய தேர்வுக் கட்டணமும் திரும்பி வராது. பதிவு செய்யும் நடைமுறை அவ்வப்போது மாறுவதால் அமைச்சின் இணையத்தளத்தை மட்டும் நம்புங்கள்.

இனி ‘மலிவு’ என்ற பேச்சுக்கு வருவோம். சிங்கப்பூர்க் குடிமக்களுக்குத் தொடக்கப்பள்ளியில் சில்லறைக் கட்டணம்தான். ஆசியான் (தென்கிழக்காசியக் கூட்டமைப்பு) நாடுகளைச் சேராத நம்மைப் போன்றவர்களுக்குத் தொடக்கநிலையில் மாதம் ஏறக்குறைய ஆயிரம் வெள்ளி. உயர்நிலைக்குப் போனால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இது ஆண்டுதோறும் ஏறிக்கொண்டும் வருகிறது. சிபிஎஸ்இ பாடத்திட்டம் உள்ள பள்ளிகளில் ஆண்டுக்கு இருபதாயிரம் வெள்ளியை ஒட்டி வரும். ஆக, உங்கள் மகனுக்கு அரசுப் பள்ளி உண்மையிலேயே மலிவு. மகளுக்கு அப்படி இல்லை. இந்த வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை. ‘ரெண்டு பேரும் ஒரே பள்ளியில் இருந்தால் நல்லது’ என்று நினைத்து ஏதாவது ஒரு பக்கம் அதிகமாகச் செலவழித்துவிடுகிறார்கள்.

மகளுக்குப் பணத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இன்னும் இரண்டு வருடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிடுவாள். சிபிஎஸ்இ-யில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு ஒன்பதிலேயே பதிய வேண்டும். உள்ளூர் உயர்நிலைப் பள்ளியில் சேர்த்துவிட்டு, நடுவில் கணவரின் வேலை அனுமதி புதுப்பிக்கப்படாமல் போனால், இங்கே தேர்வு எழுதவும் முடியாது, ஊரில் பத்தாம் வகுப்பில் நேரடியாகச் சேர்ப்பதும் பெரும்பாடு. கணவரின் வேலை எத்தனை வருடத்துக்கு உறுதி என்று உங்களுக்கே தெரியாத நிலையில், அவளைச் சிபிஎஸ்இ-யிலேயே தொடரச் செய்வதுதான் நல்லது என்பது என் கருத்து. பொங்கோலில் குளோபல் இந்தியன் பள்ளி, சாய் சீயில் என்பிஎஸ் பள்ளி ஆகியவற்றை விசாரியுங்கள். இரண்டுமே ஜூராங்கிலிருந்து தூரம். வீட்டைப் பள்ளிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு கணவர் எம்ஆர்டி ரயிலில் போய்வரட்டும். பள்ளிப் பேருந்துக் கட்டணம் மிச்சமாகும், பிள்ளைக்குத் தூக்கமும் கெடாது. கட்டணம் கேட்கும்போது 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று தவறாமல் கேளுங்கள். விண்ணப்பக் கட்டணம், சேர்க்கைக் கட்டணம், சீருடை எல்லாம் தனி.

சரி, கூட்டிப் பார்ப்போம். மகளுக்குப் பள்ளிச் செலவெல்லாம் சேர்த்து 1,900, மகனுக்கு 1,000, மூவறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வாடகை 2,800 என்று வைத்தால் 5,700 வெள்ளி போய்விடும். மீதி 1,300-இல் நான்கு பேர் சாப்பாடு, மின்சாரம், போக்குவரத்து, வருமான வரி, ஊருக்கு அனுப்பும் பணம். முடியாது என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒருவருக்குப் பல்வலி வந்தால்கூடக் கணக்கு இடிக்கும். நீங்களும் வேலைக்குப் போய்ச் சமாளிக்கலாம் என்று இப்போதே நினைக்க வேண்டாம். கணவரைச் சார்ந்து வருபவர்கள் வேலை பார்க்க 2021 மே முதல் தனி வேலை அனுமதி தேவை. அதனால் கணவர் தன் நிறுவனத்தில் பிள்ளைகள் படிப்புச் செலவைப் பற்றி வாய் திறந்து கேட்கட்டும். கூச்சப்பட இதில் ஒன்றும் இல்லை. சில நிறுவனங்கள் தருகின்றன, சில பள்ளிகளோடு கட்டணச் சலுகைக்கு ஏற்பாடும் வைத்திருக்கின்றன. ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம்தான் அதற்குச் சரியான நேரம்.

‘ஏஇஐஎஸ் தேர்ச்சி உறுதி’ என்று சொல்லிப் பயிற்சிக்கு ஆள் சேர்ப்பவர்களிடம் கவனமாக இருங்கள். அமைச்சே உறுதி தராத ஓர் இடத்துக்கு இன்னொருவர் எப்படி உறுதி தர முடியும்? தனியார் பள்ளி என்றால் ‘எடுடிரஸ்ட்’ என்ற தரச் சான்றிதழ் இருக்கிறதா, பள்ளி மூடப்பட்டால் கட்டிய பணத்துக்குப் பாதுகாப்பு உண்டா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூரில் வீடு எடுத்துப் பிள்ளையை அங்கே சேர்க்கலாம் என்றும் சிலர் சொல்வார்கள். கட்டணம் குறையும். ஆனால் உங்கள் கணவர் தினமும் எல்லைக் கடற்பாலத்தின் நெரிசலில் நிற்க வேண்டியிருக்கும். குடும்பத்தோடு இருப்பதற்காகத்தானே இவ்வளவு பாடு?

மகனுக்கு இப்போதிலிருந்தே வேலை இருக்கிறது. எங்கள் புளோக்கின் கீழே சதுரங்கக் கட்டம் பொறித்த கல்மேசையில் திருச்சியிலிருந்து வந்த பையன் ஒருவன் உட்கார்ந்து கணக்குப் போடுவான். வாய்ப்பாடு தலைகீழாக ஒப்பிப்பான். ஒருநாள் இந்தக் கணக்கில் அழுதுவிட்டான்: ‘ரவியிடம் இருப்பதைப் போல் மூன்று மடங்கு அஞ்சல்தலை மாலாவிடம் உண்டு. மாலா 24 அஞ்சல்தலைகளை ரவிக்குக் கொடுத்தால் இருவரிடமும் சமமாகிவிடும். மொத்தம் எத்தனை?’ பக்கத்து வீட்டுச் சிறுமி பென்சிலை வாங்கி மாலாவுக்கு மூன்று கட்டம், ரவிக்கு ஒரு கட்டம் வரைந்தாள். ஒரு கட்டத்தை நகர்த்தினால் இருவருக்கும் இரண்டிரண்டு. அப்படியென்றால் அந்த ஒரு கட்டம்தான் 24. மொத்தம் நாலு கட்டம், 96. அவன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். தேர்வில் கேட்பது பெரும்பாலும் இப்படித்தான், அதுவும் ஆங்கிலத்தில். உங்கள் மகன் சேர்ந்துவிட்டால் தமிழைத் தாய்மொழிப் பாடமாகவே படிக்கலாம். அதில் கவலை வேண்டாம்.

ஆகவே ஜூனில் வராதீர்கள். மகன் செப்டம்பர் வாக்கில் தேர்வு எழுதட்டும். முடிவு வந்த பிறகு வீடு பாருங்கள். இடம் கிடைக்காவிட்டால், அடுத்த ஆண்டு பிப்ரவரி, மார்ச்சில் தொடக்கநிலை 2 முதல் 4 வரைக்கும் உயர்நிலை 1, 2-க்கும் துணைத் தேர்வு ஒன்று நடக்கும். அதுவரை இருவரும் தஞ்சாவூரில் இப்போது படிக்கும் பள்ளியிலேயே படிக்கட்டும். பிரிந்திருப்பது கஷ்டம்தான், தெரியும். ஆனால் இந்தச் சில மாதங்கள் படிப்பு நடக்கும் மாதங்களாக இருக்கும்.

இந்த வாரமே கணவரைப் பாப்புலர் புத்தகக்கடைக்குப் போய்த் தொடக்கநிலை 3 கணிதப் பயிற்சிப் புத்தகம் இரண்டு வாங்கச் சொல்லுங்கள். திருச்சி விமானத்தில் வரும் யாராவது நண்பரிடம் கொடுத்தனுப்பட்டும். ஒரு நாளைக்கு நாலு கணக்கு போதும். விடை சரியா என்று பார்ப்பதற்கு முன்னால், கட்டம் போட்டானா என்று பாருங்கள்.