கேளுங்கள், சொல்கிறோம்: இல்லாத படத்துக்கு ஒரு ட்ரெய்லர்

இம்மாதம் வந்த கடிதங்களில் பல, காட்சித் தொடர்பியல் படிக்கும் மாணவர்களிடமிருந்து வந்தவை. எடுக்கப்படாத ஒரு திரைப்படத்துக்கு முன்னோட்டம் எடுத்து வருமாறு அவர்களுக்குக் குழுப்பணி கொடுக்கப்பட்டிருக்கிறது. படத்தொகுப்பு அறையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் இந்தக் கடிதங்கள் எனக்குப் பெரும் மகிழ்ச்சியைத் தந்தன. ஆகவே, இந்த இதழின் பக்கங்களை முழுவதும் இந்தப் பொருளுக்கே ஒதுக்கிக்கொள்கிறேன்.

கேள்வி: நாங்கள் ஆறு பேர் கொண்ட குழு. இரண்டு நிமிட ட்ரெய்லர் எடுக்க வேண்டும். முதலில் ஒரு குறும்படம் எடுத்து அதிலிருந்து வெட்டிச் சேர்க்கலாம் என்கிறார் ஒரு தோழி. நேரடியாக ட்ரெய்லரையே எடுத்துவிடலாம் என்கிறார் இன்னொரு நண்பர். எது சரி? எங்கிருந்து தொடங்குவது?
– இரண்டாமாண்டு மாணவி, மதுரை

நண்பர் சொல்வதுதான் சரி. குறும்படம் எடுத்து வெட்டத் தொடங்கினால், பதினைந்து நிமிடப் படத்துக்கான உழைப்பையும் கொட்டிவிட்டு, கடைசியில் அந்தப் பதினைந்து நிமிடங்களைச் சுருக்கிச் சொல்லும் ஒரு காட்சித் தொகுப்பைத்தான் கையில் வைத்திருப்பீர்கள். ட்ரெய்லர் கதைச்சுருக்கம் அன்று. பார்ப்பவர் மனத்தில் ஒரு கேள்வியை எழுப்பி, அதற்கு விடை தேடி அவரைத் திரையரங்குக்கு வரவழைப்பதே அதன் வேலை. படத்திலிருந்து வெட்டாமல், முன்னோட்டத்துக்கென்றே தனியாகப் படம்பிடித்தவர்கள் உண்டு. 1960ஆம் ஆண்டு வெளிவந்த ‘சைக்கோ’ படத்துக்காக எடுக்கப்பட்ட, ஆறு நிமிடத்துக்கும் மேல் ஓடும் முன்னோட்டத்தில் இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கே வந்து, கதை நடக்கும் விடுதியையும் வீட்டையும் நமக்குச் சுற்றிக்காட்டுகிறார்; எதையோ சொல்ல வந்து பாதியில் நிறுத்திக்கொள்கிறார். கடைசியில் குளியலறைத் திரை விலகும்போது அலறுகிற பெண்கூட, படத்தில் அந்தக் காட்சியில் நடித்த ஜேனட் லீ அல்லர், வேரா மைல்ஸ்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. படத்தை எடுக்க வேண்டியதில்லை என்றாலும், கதை முழுவதும், முடிவு உட்பட, ஒரே பக்கத்தில் எழுதப்பட்டு உங்கள் ஆறு பேருக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். முடிவு என்னவென்று தெரியாமல் எடுக்கும் மாணவர்களின் ட்ரெய்லரில் யாரோ ஓடுவார்கள், யாரோ திரும்பிப் பார்ப்பார்கள், இசை ஏறும், தலைப்பு வரும். எதை மறைத்தார்கள் என்பது மட்டும் தெரியாது, ஏனென்றால் மறைப்பதற்கு அவர்களிடம் எதுவும் இருந்திருக்காது.

ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். விடியற்காலையில் சைக்கிளில் பால் பாக்கெட் போடும் ஒரு பையன். ஒரு வீட்டுக் கேட்டில் தொங்கும் மஞ்சள் பைக்குள் நாள்தோறும் இரண்டு பாக்கெட் போடுகிறான். ஒருநாள் பார்த்தால், முந்தைய நாள் போட்டவை எடுக்கப்படாமல் கிடக்கின்றன; கதவில் பூட்டு தொங்குகிறது. மாதக் கார்டு போட்ட வீடு என்பதால் நிறுத்தவும் முடியாமல் அவற்றின் மேலேயே போட்டுவிட்டுப் போகிறான். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் பை காலியாக இருக்கிறது, பூட்டு மட்டும் அப்படியே தொங்குகிறது. பாலை எடுத்தது யார்? உங்கள் ட்ரெய்லர் எழுப்ப வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். சன்னலில் ஒரு முகத்தைக் காட்டிவிடலாம் என்று குழுவில் ஒருவர் கட்டாயம் ஆசைப்படுவார். அதைக் காட்டிய நொடியே கேள்வி தீர்ந்துவிடும் என்பதை அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒலியிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் பதில். இந்தக் கடிதங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து நான் சொல்ல விரும்புவதும் இதுதான். கேமராவை எடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே, செல்போனில் ஒலிகளைப் பதிவு செய்யுங்கள். மேற்சொன்ன கதைக்கு ஐந்தே ஒலிகள் போதும்: சைக்கிள் செயின் உரசுவது, கேட்டின் கீல் முனகுவது, வாசலில் தண்ணீர் தெளிப்பது, பாக்கெட் பைக்குள் விழுவது, “தம்பி, அந்த வீட்ல யாருமே இல்லையே, யாருக்குப் போடுற?” என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்பது. இவற்றை எடிட்டிங் மென்பொருளில் வெறும் கறுப்புத் திரையின்மேல் வரிசையாக அடுக்குங்கள். பாக்கெட்டின் மேல் பாக்கெட் விழும் சத்தம் மெத்தென்று, ஈரமாக இருக்கும். பை காலியாக இருக்கும் நாளில் அதே பாக்கெட் துணியின் அடிவரை போய், கேட்டின் கம்பியில் இடித்து ஓசை எழுப்பும். அந்த ஓசை கேட்டதும் எல்லா ஒலியையும் நிறுத்திவிட்டு, இரண்டு நொடி அமைதிக்குப் பின் தலைப்பைக் கொண்டுவந்தால், அந்த இடத்தில் வசனம் ஒன்றும் இல்லாமலேயே கதை திரும்பிவிடுகிறது.

இப்படிச் சேர்த்த ஒலித்தொகுப்பை, கதையே தெரியாத ஒருவரைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் கவனம் சிதறி அசைகிறாரோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு அங்கே வெட்டுங்கள். அதன் பிறகே ஷாட் லிஸ்ட், அதாவது எடுக்க வேண்டிய ஷாட்டுகளின் பட்டியல், எழுதுங்கள். ஒன்றரை நிமிடத்துக்குச் சராசரியாக இரண்டு நொடிக்கு ஒரு ஷாட் என்று வைத்தாலும் 45 ஷாட்டுகள் வரும். தொடக்கத்தில் நீண்ட ஷாட்டுகள் வைப்பீர்கள் என்பதால் இன்னும் குறையும். எந்த ஒலிக்கு எந்தப் படம் என்று தெரிந்துகொண்டு போனால் இரண்டு காலைப் பொழுதுகளில் அவ்வளவையும் எடுத்துவிடலாம். இரண்டு நிமிடத்தையும் நிரப்பியாக வேண்டும் என்று எண்ண வேண்டாம். ஹாலிவுட்டின் பெரிய நிறுவனங்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட வரம்பே இரண்டரை நிமிடம்தான், அதுவும் கோடிக்கணக்கில் செலவிட்டு எடுத்த படங்களுக்கு.

கேள்வி: பிரபலமான ஒரு படத்தின் பின்னணி இசையைப் பயன்படுத்த விரும்புகிறோம். பத்து நொடிக்குக் குறைவாக எடுத்தால் பதிப்புரிமைச் சிக்கல் வராது என்று சீனியர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
– மூன்றாமாண்டு மாணவர், கோயம்புத்தூர்

உண்மையில்லை. இத்தனை நொடி வரை எடுத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் எங்கும் இல்லை. 1957ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், 52ஆவது பிரிவில், கல்விக்காகச் சில விலக்குகளைத் தருகிறது. கல்வி நிறுவனத்தின் செயல்பாடாக, ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர் போன்ற நிறுவனத் தொடர்புடையவர்கள் மட்டும் கூடியிருக்கும் அவையில் திரையிட்டுக் காட்டுவது அவற்றுள் ஒன்று. ஆனால் நீங்கள் வகுப்பில் காட்டுவதோடு நிறுத்தப்போவதில்லை. யூடியூபில் ஏற்றுவீர்கள், இன்ஸ்டாகிராமில் பகிர்வீர்கள். அப்போது இந்த விலக்கைக் காட்டித் தப்ப முடியாது. யூடியூபின் தானியங்கி அடையாள முறை அந்த இசையைக் கண்டுபிடித்துவிட்டால், ஒலி நீக்கப்படலாம், காணொலியே முடக்கப்படலாம், அல்லது அதிலிருந்து வரும் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகலாம்.

பழைய பாடல் என்றால் பரவாயில்லையா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒலிப்பதிவுக்கு அது வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. அது முடிந்தாலும், மெட்டுக்கும் வரிகளுக்கும் அவற்றைப் படைத்தவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை தனி உரிமை தொடரும். 1921இல் மறைந்த பாரதியாரின் வரிகளை நீங்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் அவற்றுக்குப் பின்னாளில் ஓர் இசையமைப்பாளர் போட்ட திரைப்பட மெட்டை எடுக்கக் கூடாது. இந்த வேறுபாட்டை நிறையப் பேர் தவறவிடுகிறார்கள்.

சட்டத்தை விடுங்கள். பிரபலமான இசையைப் போட்ட மறுநொடியே பார்ப்பவருக்கு அந்த இசை வந்த படமும் அதன் நாயகனும்தான் நினைவுக்கு வருவார்கள். உங்கள் பால்காரப் பையன் காணாமல் போய்விடுவான். யூடியூபின் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை இருக்கிறது, அதன் நிபந்தனைகளைப் படித்துவிட்டு எடுங்கள். அதைவிட நல்லது, உங்கள் கல்லூரியிலேயே பறையோ வயலினோ வாசிக்கும் ஒருவரைத் தேடிப்போய்க் கேட்பது. ஒரே ஒரு தாளத்தையோ சுரத்தையோ அவர் ஒரு நிமிடம் வாசித்துக் கொடுத்தால் போதும். பெயர்ப் பட்டியலில் அவருடைய பெயரைத் தனி வரியில் போடுங்கள்.

கேள்வி: செல்போனில்தான் எடுக்கிறோம். அறைக்குள் எடுத்த காட்சிகளில் கறுப்புப் பட்டைகள் அலைபோல ஓடுகின்றன. போன் பழுதா?
– முதலாமாண்டு மாணவர், நாகர்கோவில்

போனில் பழுதில்லை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட்டும் மலிவான எல்இடி விளக்கும் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. ஷட்டர் வேகம், அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமரா ஒளியை வாங்கும் நேரம், அதனோடு பொருந்தாதபோது பட்டை விழுகிறது. கேமராவின் புரோ அமைப்பிலோ, ஓப்பன் கேமரா, பிளாக்மேஜிக் கேமரா போன்ற இலவசச் செயலிகளிலோ நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் நொடியில் 50இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் மிகுந்தால் 100இல் ஒரு பங்கு. குழுவில் எத்தனை போன் இருந்தாலும் அத்தனையிலும் ஒரே அமைப்பு இருக்கட்டும். முகத்தில் நிழல் விழுந்தால் விளக்கு வாங்க ஓட வேண்டாம். தெர்மாகோல் அட்டை ஒன்றைச் சன்னலுக்கு எதிர்ப்பக்கம் பிடித்து வெளிச்சத்தை முகத்தில் திருப்பினால் போதும், பெரிய படப்பிடிப்புகளிலும் அதைத்தான் பிடிக்கிறார்கள். எடுத்த காட்சிகளை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாதீர்கள், அது தரத்தைக் குறைத்துவிடும். பென்டிரைவில் கொடுங்கள், முடியாவிட்டால் டாக்குமெண்டாக இணைத்து அனுப்புங்கள்.

கேள்வி: எடிட்டிங் எனக்குத் தெரியும் என்பதால் எல்லா வேலையும் என் தலையில் விழுந்துவிட்டது. எடுத்த காட்சிகளை நள்ளிரவில் அனுப்பிவிட்டு, காலையில் “முடிந்ததா?” என்று கேட்கிறார்கள். பிறகு ஐந்து பேரும் ஐந்து விதமாக மாற்றச் சொல்கிறார்கள். மதிப்பெண் மட்டும் எல்லோருக்கும் ஒன்றே. என்ன செய்வது?
– மாணவி, தஞ்சாவூர்

உங்கள் கடிதத்தைப் படித்தபோது மனம் வருந்தியது, ஏனென்றால் இது மாணவர் குழுக்களில் மட்டும் நடப்பதில்லை. கடைசிக் கட்டத்தில் வேலை செய்பவர்மேல் முந்தைய கட்டங்களின் சோம்பல் முழுவதும் வந்து விழும். ஆகவே, படத்தொகுப்பாளர் கடைசியில் வரும் ஆள் என்ற ஏற்பாட்டையே மாற்றுங்கள். நான் மேலே சொன்ன ஒலித்தொகுப்பை முதலிலேயே செய்துவிட்டால், படப்பிடிப்புக்கு முன்பே உங்கள் டைம்லைனில் (எடிட்டிங் மென்பொருளில் ஒலியையும் படத்தையும் வரிசையாக அடுக்கும் இடம்) நாற்பது காலி இடங்கள் இருக்கும். எடுப்பவர்கள் தங்கள் காட்சியை அதற்குரிய எண்ணிட்டுக் கொடுக்கட்டும். ‘காட்சி 7, டேக் 3, நல்லது’ (ஏழாம் காட்சியை மூன்றாம் முறை எடுத்தது) என்று பெயரிடப்படாத கோப்பை நீங்கள் வாங்கவே வேண்டாம். நல்ல டேக் எது என்று அன்று மாலையே பார்த்துப் பொறுக்கித் தர ஒருவரை நியமியுங்கள். அந்த வேலைக்கு எடிட்டிங் தெரிய வேண்டியதில்லை, பொறுமை இருந்தால் போதும்.

மாற்றங்களுக்கு ஒரு நாளைக் குறியுங்கள். அன்று ஆறு பேரும் ஒன்றாக உட்கார்ந்து, நிறுத்தாமல் மூன்று முறை பார்த்துவிட்டு, பிறகு பேசட்டும். கருத்து வேறுபட்டால் இறுதி முடிவு யாருடையது என்பதை, சண்டை வருவதற்கு முன்பே, வேலையின் முதல் நாளிலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். உங்கள் குழுவில் அது நடக்கவில்லை என்று புரிகிறது. இப்போதாவது இரண்டு முறை மட்டுமே மாற்றித் தருவேன் என்று சொல்லுங்கள்; அப்படிச் சொல்வது திமிர் ஆகாது. இன்னொன்று, எல்லாவற்றையும் இரண்டு இடங்களில் சேமித்து, ஒரு பிரதியை வேறொருவர் வீட்டில் வைத்திருங்கள்.

கேள்வி: குழுவில் யார் உழைத்தார்கள் என்பதை அறிந்து மதிப்பெண் இடுவது எப்படி?
– கல்லூரி ஆசிரியை, திருச்சிராப்பள்ளி

தஞ்சை மாணவியின் கடிதத்துக்குப் பிறகு உங்கள் கேள்வியை வைப்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது, அம்மா. ட்ரெய்லரை மட்டும் வாங்காமல், ஒரு பக்கக் கதை, ஒலித்தொகுப்பு, ஷாட் லிஸ்ட் ஆகியவற்றை அந்தந்த வாரத்தில் தனித்தனியாக வாங்குங்கள். தான் எடுத்த முடிவு ஒன்றையும், அதற்கான காரணத்தையும், ஒவ்வொருவரும் அரைப் பக்கத்தில் கையால் எழுதித் தரட்டும்; வேலையே செய்யாதவரால் அந்த அரைப் பக்கத்தை நிரப்ப முடியாது. கதை தெரியாத வேறு வகுப்பு மாணவர்களுக்குத் திரையிட்டு, மனத்தில் எழுந்த கேள்வியை ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலோர் ஒரே கேள்வியை எழுதியிருந்தால் அந்தக் குழு தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது என்று பொருள். வாடகைக் கேமராவின் பளபளப்புக்கு மதிப்பெண் இடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் வாடகை கொடுக்க இயலாத பிள்ளைகளும் அதே வகுப்பில்தான் இருக்கிறார்கள்.

கேள்வி: தலைப்பைத் தமிழில் அடித்தால் கொம்பும் காலும் இடம்மாறி எழுத்துகள் உடைகின்றன. ஆங்கிலத்திலேயே போட்டுவிடலாமா?
– மாணவர், விழுப்புரம்

வேண்டாம், தமிழிலேயே போடுங்கள். சில எடிட்டிங் மென்பொருள்களால் ‘கொ’, ‘பௌ’ போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்க முடிவதில்லை. தலைப்பை வேறொரு வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோடு எழுத்துருவில் அடித்து, பின்புலம் இல்லாத பிஎன்ஜி படமாக மாற்றி, டைம்லைனில் வைத்துவிடுங்கள். இன்னும் நன்றாக இருக்க வேண்டுமானால், குழுவில் கையெழுத்து அழகாக உள்ளவரைக் கொண்டு வெள்ளைத் தாளில் தூரிகையால் எழுதவைத்து, அதைப் படம்பிடித்துச் சேருங்கள். திரையில் குறைந்தது மூன்று நொடி நிற்கட்டும்.