எக்ஸ்கவேட்டர் மானிட்டரில் எரர் கோடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம். கோடு வந்தது, பார்ட்டை மாற்றினேன், கோடு போகவில்லை. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணே, எஸ்பிஎன் 100, எஃப்எம்ஐ 4 வருகிறது. எஞ்சின் ஆயில் பிரஷர் சென்சார் என்று சொன்னார்கள், புதுசு போட்டேன். அதே கோடு. இசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போயிருக்குமோ என்று முதலாளி கேட்கிறார். (மெக்கானிக், தெங்கா, சிங்கப்பூர்)

இசிஎம் விலையை விசாரிக்கும் முன் மல்டிமீட்டரை எடுங்கள் தம்பி. எஸ்பிஎன் என்பது எந்த சர்க்யூட் என்று சொல்லும் எண், 100 என்றால் ஆயில் பிரஷர் சர்க்யூட். அதில் என்ன கோளாறு என்று சொல்வது பின்னால் வரும் எஃப்எம்ஐ எண்தான், இங்கே 4. 3 வந்தால் வோல்டேஜ் கூடுதல், 4 வந்தால் குறைவு. 5 வந்தால் கரன்ட் ஓடவில்லை, பெரும்பாலும் எங்கோ அறுந்திருக்கிறது. 6 வந்தால் கரன்ட் அதிகம், எங்கோ எர்த் ஆகிறது. இந்த நான்கையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இதே 100-உடன் 1 வந்தால் கதை வேறு. பிரஷர் நிஜமாகவே குறைகிறது என்று எடுத்துக்கொண்டு எஞ்சினை உடனே நிறுத்தி, டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள்.

உங்களுக்கு வந்திருப்பது 4. எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, சென்சார் கனெக்டரைக் கழற்றுங்கள். பொதுவாக மூன்று பின் இருக்கும்: 5 வோல்ட் சப்ளை, எர்த், சிக்னல். சப்ளைக்கும் எர்த்துக்கும் நடுவே 4.8 முதல் 5.2 வோல்ட் வரை வரவேண்டும். வராவிட்டால், அதே சப்ளையில் இருக்கும் வேறொரு சென்சார் ஷார்ட் ஆகி அதைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கலாம். ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள், எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் ஆள். சம்பந்தமே இல்லாத மூன்று நான்கு சென்சார் கோடுகள் ஒன்றாக வந்தாலும் முதல் சந்தேகம் இதுதான்.

5 வோல்ட் சரியாக இருக்கிறதா? கனெக்டர் கழன்ற நிலையிலேயே மானிட்டரைப் பாருங்கள். கோடு 4-லிருந்து 3-க்கு மாறினால் வயரும் இசிஎம்மும் ஒழுங்காக வேலை செய்கின்றன. அப்படியானால் அந்தப் புது சென்சார் எங்கே வாங்கியது, ஒரிஜினல்தானா என்று விசாரியுங்கள். மாறாவிட்டால் உடனே முடிவு கட்டாதீர்கள், சில எஞ்சின்களில் கனெக்டரைக் கழற்றினாலே 4தான் காட்டும். பேட்டரியை ஆஃப் செய்து, இசிஎம் பிளக்கையும் கழற்றிவிட்டு, சிக்னல் வயருக்கும் பாடிக்கும் நடுவே ஓம்ஸ் பாருங்கள். மீட்டர் ஏதாவது ரீடிங் காட்டினால் ஹார்னஸ் (வயர் கட்டு) எங்கோ இரும்பில் உரசித் தேய்ந்திருக்கிறது. கிளிப் விட்டுப்போன இடங்களில் முதலில் தேடுங்கள்.

அப்புறம், பழைய சென்சாரைக் கழற்றும்போது வயரைப் பிடித்து இழுத்தீர்களா? கனெக்டர் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். மற்ற இரண்டு பின்னையும்விட ஒன்று ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி நின்றால், பின்னாலிருந்து 'டிக்' என்று சத்தம் வரும்வரை தள்ளி உட்கார வையுங்கள். காசு செலவில்லாமல் முடிந்துவிடும்.

மழை பெய்த மறுநாள் காலையில் நாலைந்து கோடு வருகிறது. பத்து பதினோரு மணிக்குத் தானாகப் போய்விடுகிறது. மெக்கானிக் வரும்போது ஒன்றுமே இல்லை, என்னைத்தான் சந்தேகமாகப் பார்க்கிறார். (ஆப்பரேட்டர், துவாஸ்)

உங்கள் மேல் தப்பில்லை. வெயில் ஏற ஏறக் கோடு மறைகிறது என்றால் ஏதோ கனெக்டருக்குள் தண்ணீர். டிசம்பர், ஜனவரி பருவமழையில் இது சாதாரணம். துவாஸில் கடல் காற்றும் சேர்ந்துகொள்கிறது. உள்ளே போகும் உப்பு பின்னில் பச்சைப் பொடியாகப் பூக்கும். மழையைவிட மோசமானது, மெஷின் கழுவும்போது எஞ்சின் அறைக்குள் பிரஷர் வாட்டர் அடிப்பது. அதை யாராவது செய்தால் தடுத்துவிடுங்கள்.

காலையில் கோடு நிற்கும்போதே ஃபோனில் படம் எடுங்கள், ஹவர் மீட்டர் எண்ணும் தெரியட்டும். மெக்கானிக் அந்தக் கோடுகளுக்குப் பொதுவாக எந்த கனெக்டர் வருகிறது என்று வயரிங் டயகிராமில் தேடட்டும். அதைத் திறந்தால் ரப்பர் சீல் கிழிந்திருக்கும், இல்லையென்றால் உபயோகத்தில் இல்லாத ஓட்டையை அடைக்கும் சின்ன பிளக் காணாமல் போயிருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாகக் காயவைத்து, சீலை மாற்றவேண்டும். கிரீஸை அள்ளி அப்பக்கூடாது.

கேமராவும் ஆள் உணரும் சென்சாரும் பொருத்திய பிறகு, ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் லோ வோல்டேஜ் கோடு. ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். (சூப்பர்வைசர், புங்கோல்)

சார், கேமராவுக்கு லைன் எங்கிருந்து எடுத்தார்கள் என்று முதலில் பாருங்கள். மெஷின் 24 வோல்ட், 12 வோல்ட் பேட்டரி இரண்டு சீரிஸில். கேமராக்காரர் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட்டை உருவியிருந்தால், அந்த ஒன்று மட்டும் காலியாகிக்கொண்டே வரும். ஆல்டர்னேட்டருக்குத் தெரிவது மொத்தக் கணக்கு மட்டும்தான். அது 28 வோல்ட் கொடுத்தாலும், ஒரு பேட்டரி ஓவர்சார்ஜில் வேகும், மற்றது பட்டினி கிடக்கும். இரண்டையும் தனித்தனியாக அளந்தால் வித்தியாசம் தெரியும். 24-லிருந்து 12-க்கு இறக்கும் கன்வெர்ட்டர், தனி ஃபியூஸோடு போடச் சொல்லுங்கள். கெட்டுப்போன பேட்டரியை மட்டும் மாற்றாமல் ஜோடியாக மாற்றுங்கள்.

எஞ்சின் ஓடும்போது 27.5 முதல் 28.5 வரை வந்தால் ஆல்டர்னேட்டரைத் தொடவேண்டாம்.

கோமாட்சு மெஷினில் E02. வேலை பாதியில் நிற்கிறது. (ஆப்பரேட்டர், சாங்கி)

பம்ப் பிசி-இபிசி சர்க்யூட், அதாவது ஹைட்ராலிக் பம்பைக் கட்டுப்படுத்தும் சொலினாய்டு (மின்காந்த வால்வு) இருக்கும் சர்க்யூட். எமர்ஜென்சி பம்ப் டிரைவ் சுவிட்சைப் போட்டு இன்றைய வேலையை ஓட்டலாம், அதிலேயே வாரக்கணக்கில் ஓட்டக்கூடாது. சர்வீஸ் மெனுவில் நீளமான கோடு ஒன்று இருக்கும், அதன் கடைசி இரண்டு எழுத்தைப் பாருங்கள். KA என்றால் அறுந்திருக்கிறது, KB என்றால் ஷார்ட். KB வந்தால் சொலினாய்டு பிளக்கைக் கழற்றுங்கள். KA-வாக மாறினால் சொலினாய்டு போச்சு, மாறாவிட்டால் வயரைத் தேடுங்கள்.

எஸ்பிஎன் 639, மானிட்டரில் எஞ்சின் விவரம் எதுவும் வரவில்லை. கம்ப்யூட்டர் இல்லாமல் பார்க்க வழி உண்டா? (மெக்கானிக், சுங்கை காடுட்)

உண்டு. 639 என்பது கன்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் லைன். பேட்டரியை ஆஃப் செய்து, கேன் ஹை, கேன் லோ இரண்டு வயருக்கும் நடுவே ஓம்ஸ் பாருங்கள். 60 வந்தால் நல்லது. 120 வந்தால் ஒரு முனையில் இருக்கும் ரெசிஸ்டரோ அதற்குப் போகும் வயரோ விட்டுப்போயிருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கம் வந்தால் இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

பக்கெட்டில் சின்ன வெல்டிங்தான். பேட்டரியைக் கழற்றித்தான் ஆகவேண்டுமா?

ஆம். கன்ட்ரோலர் பிளக்குகளையும் கழற்றுங்கள். எர்த் கிளாம்ப் வெல்டிங் செய்யும் அதே துண்டில், பக்கத்திலேயே இருக்கட்டும். டிராக்கில் கிளாம்ப் மாட்டி பக்கெட்டில் பற்றவைத்தால், கரன்ட் வழியில் உள்ள பின், பேரிங் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டுதான் போகும்.

எந்த மல்டிமீட்டர் வாங்கலாம்? (பலர்)

பிராண்டு உங்கள் இஷ்டம். ஆட்டோ ரேஞ்ச், மின்-மேக்ஸ் (குறைந்தபட்ச, அதிகபட்ச ரீடிங்கைப் பிடித்துவைக்கும் வசதி) இரண்டும் இருந்தால் போதும். மின்-மேக்ஸ் இருந்தால் ஸ்டார்ட் அடிக்கும் அந்த நொடியில் வோல்டேஜ் எவ்வளவு இறங்கியது என்று பிடித்துவைக்கும். ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் வருபவர்கள் சிம் லிம் டவர் வரை ஒரு நடை போய், கனெக்டரின் பின்பக்கம் நுழைக்கும் மெல்லிய புரோப் ஊசியும் வாங்கிவிடுங்கள். வயர் தோலைக் குத்தி அளந்தால், அந்த ஓட்டை வழியாகவே அடுத்த மழையில் தண்ணீர் இறங்கும்.