ஐசியூவில் இருந்தவருக்குத் திடீரென்று கண் தெரியாமல் போகுமா?

நிமோனியாவுக்காக ஐசியூவில் இருந்த அப்பாவுக்கு இடது கண் தெரியவில்லை, குளுக்கோமா (கண் அழுத்த நோய்) என்கிறார்கள், நுரையீரலுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கிறீர்கள். சம்பந்தம் இருக்கிறது. இங்கே சிங்கப்பூரில் என் அம்மாவுக்கும் இதேதான் நடந்தது.

பதினோரு நாள் வெண்டிலேட்டரில் இருந்தார். குழாயை எடுத்த மறுநாள் காலை, ஜன்னல் வெயில் முகத்திலேயே விழுந்துகொண்டிருக்க, "லைட்டப் போடுடா, இந்தப் பக்கம் ஒரே இருட்டா இருக்கு" என்றார். வலது கண் சிவந்து, கருவிழி ஆவி படிந்த கண்ணாடி மாதிரி மங்கியிருந்தது. மிஸ்ஸி (நர்ஸ்) டார்ச் அடித்துப் பார்த்தார், கண்பாப்பா சுருங்கவே இல்லை. கண் டாக்டர் வந்து அளந்தபோது கண்ணின் அழுத்தம் 58. சாதாரணமாக 10லிருந்து 21க்குள் இருக்க வேண்டும்.

கண்ணுக்குள் ஊறும் நீர் கருவிழியின் ஓரத்தில் உள்ள ஒரு கோணத்தின் வழியாக வடிகிறது. சிலருக்கு அந்தக் கோணம் இயல்பிலேயே குறுகல், சீன இனத்தவருக்கும் வயதான பெண்களுக்கும் அதிகம். அப்படிப்பட்டவருக்குக் கண்பாப்பா விரிந்தால் வழி அடைபட்டு, நீர் தேங்கி அழுத்தம் ஏறலாம். ஐசியூவில் அதை விரிக்கும் மருந்துகள் பல உண்டு: நெபுலைசரில் கொடுக்கும் இப்ராட்ரோப்பியம் (மாஸ்க் சரியாகப் பொருந்தாமல் அந்தப் புகை கண்ணில் பட்டாலே ஆபத்து), நோர்அட்ரினலின், அட்ரோப்பின். குப்புறப் படுக்க வைத்தாலும் கண்ணின் லென்ஸ் முன்னால் நகர்ந்து கோணம் இன்னும் குறுகும். வெளியில் இருப்பவர் என்றால் தலைவலியிலும் வாந்தியிலும் துடித்து நேரே எமர்ஜென்சிக்கு ஓடியிருப்பார், மயக்க மருந்தில் கிடப்பவர் யாரிடம் சொல்வார்? சில மணி நேரத்திலேயே பார்வை நரம்பு கெட ஆரம்பித்துவிடும்.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று. அம்மா சின்ன வயதிலிருந்தே கனமான பிளஸ் பவர் கண்ணாடி போடுபவர். அத்தகைய கண்கள் அளவில் சின்னவை, கோணமும் குறுகலாக இருக்கும் என்று டாக்டர் அப்புறம்தான் சொன்னார். அந்தக் கண்ணாடி பதினோரு நாளும் என் பையில்தான் இருந்தது. உங்கள் வீட்டில் யாராவது ஐசியூவில் இருந்தால் கண்ணாடியைப் பற்றியும் குடும்பத்தில் குளுக்கோமா உண்டா என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பார்க்கப் போகும்போதெல்லாம் கண்ணையும் பாருங்கள்.

அழுத்தத்தைக் குறைக்கும் அசிட்டசோலமைட் ஊசி, சொட்டு மருந்து, லேசர் எல்லாம் கொடுத்தும் அம்மாவுக்கு வலது கண்ணில் கையசைவு மட்டும்தான் தெரிகிறது. இடது கண்ணுக்கு முன்கூட்டியே லேசரில் சின்னத் துளை போட்டார்கள், அது நன்றாக இருக்கிறது. உங்கள் அப்பாவின் வலது கண்ணுக்கும் அது தேவையா என்று இன்றைக்கே கேளுங்கள், அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரை விடாதீர்கள்.