செட்டில் செய்த கடனும் கட்டாத வீடும்

(வங்கிக் கடன், பத்திரம், வட்டி பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, குமரி மாவட்டக் கிளைகளில் கடன் பிரிவில் முப்பத்தோரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி பதில் அளிக்கிறார்.)

கேள்வி: வணக்கம் அம்மா. என் கணவர் டெம்போ ஓட்டுகிறார். மாதம் இருபத்திரண்டாயிரம் கையில் நிற்கும். நான் தனியார் பள்ளியில் ஆசிரியை, சம்பளம் 11,000. 2019-ல் வாங்கிய டெம்போ கடனைக் கொரோனா காலத்தில் கட்ட முடியவில்லை. 2022-ல் பாக்கி 1,10,000 ரூபாய் என்றார்கள். பேசி, 62,000 ரூபாய் கட்டி முடித்தோம். கடிதமும் தந்தார்கள். இப்போது என் பேரில் உள்ள ஏழு சென்ட்டில் வீடு கட்ட 12 லட்சம் கேட்டு மூன்று வங்கிகளில் விண்ணப்பித்தோம். கணவரின் சிபில் 612 என்று மூன்றிலும் மறுத்துவிட்டார்கள். மார்த்தாண்டத்தில் ஒருவர் 15,000 ரூபாய் கொடுத்தால் சிபிலைச் சரிசெய்து தருவதாகச் சொல்கிறார். இன்னொருவர் மூன்று வட்டிக்குப் பணம் தருகிறேன் என்கிறார். என்ன செய்வது? (பெயர் வேண்டாம், அருமனை)

பதில்: அம்மா, முதலில் இரண்டு பேருக்கும் "வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். மூன்று வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். 12 லட்சத்துக்கு மாதம் 36,000 ரூபாய் வட்டி மட்டுமே போகும். உங்கள் இருவர் வருமானமும் சேர்ந்தாலே 33,000 தான். அந்த வழியில் போனால் வீடு எழும்புமுன் அந்த ஏழு சென்ட் போய்விடும்.

15,000 கேட்பவர் விஷயம். சிபில் என்பது நாம் கடன்களைக் கட்டிய விதத்தைப் பதிந்து மதிப்பெண் போடும் நிறுவனம். உண்மையாக நடந்த பாக்கியை யாராலும் பதிவிலிருந்து அழிக்க முடியாது. தவறாகப் பதிவானதைத் திருத்தக் காசு எதுவும் கட்ட வேண்டியதில்லை, நீங்களே கேட்கலாம். பான் எண்ணையும் கைப்பேசிக்கு வரும் ஓடிபியையும் அவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

இனி உங்கள் கதைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது குலசேகரத்திலிருந்து வந்த ஒரு பால்வெட்டுத் தொழிலாளி நினைவுக்கு வந்தார். நகக்கண்ணில் ரப்பர் பால் காய்ந்து கறுத்திருந்தது. பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். நனையக் கூடாதென்று லேமினேட் செய்திருந்தார். "நான் யாரையும் ஏமாற்றவில்லை சார் என்பதற்கு இது சாட்சி" என்றார். பதற்றத்தில் என்னையும் "சார்" என்றே அழைத்தார். அது பழைய பைக் கடனைப் பேசி முடித்த கடிதம். அவருடைய வீட்டுக் கடனை நிறுத்தியதே அந்தக் கடிதத்துக்குப் பின்னால் இருந்த பதிவுதான். அதை அவரிடம் சொன்ன நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை. கடன் கொடுத்தவர்கள் அன்றே ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் என் முன்னால் அப்படித் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

அந்த வாக்கியத்தை உங்களுக்கு நான் சொல்கிறேன். முழுப் பாக்கியையும் கட்டி முடித்தால் சிபில் போன்ற நிறுவனங்கள் தரும் கடன் அறிக்கையில் 'குளோஸ்ட்' என்று வரும். குறைத்துப் பேசி முடித்தால் 'செட்டில்ட்' என்று வரும். நமக்கு இரண்டும் "முடிந்த கடன்" தான். வங்கியின் கண்ணுக்கு இரண்டாவது, "இவரிடம் ஒரு பகுதி வராமலே போனது" என்பதாகப் படும். உங்கள் கணக்கில் அந்தப் பகுதி 48,000 ரூபாய்.

ஆகவே முதல் வேலை, அறிக்கையை வாங்கிப் படிப்பது. இந்தியாவில் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. வங்கி வங்கியாக விண்ணப்பம் போட்டால்தான் ஒவ்வொரு விசாரணையும் பதிவாகும். நீங்கள் ஏற்கெனவே மூன்று போட்டுவிட்டீர்கள். நான்காவது வேண்டாம். ஏன் மறுத்தீர்கள் என்று அந்த மூன்று வங்கிகளிடமும் எழுத்தில் கேளுங்கள். காரணத்தைத் தெரிவிப்பது அவர்கள் கடமை.

அறிக்கை கைக்கு வந்ததும் 300 முதல் 900 வரை போடும் மதிப்பெண்ணை விட்டுவிட்டு, டெம்போ கடனுக்குரிய கட்டங்களைப் பாருங்கள். மாதவாரியாக எத்தனை நாள் தாமதம் என்று எழுதியிருக்கும். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணைகளைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. அந்தச் சலுகையை உங்கள் கணவர் பெற்றிருந்தால் அந்த மாதங்களைப் பாக்கியாகக் காட்டக் கூடாது. காட்டியிருந்தால் அந்தத் தகவல் நிறுவனத்தின் இணையதளத்திலேயே ஆட்சேபம் பதிவு செய்யுங்கள். 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு உண்டு.

மறந்துபோன கிரெடிட் கார்டு, மகளிர் குழுவில் எடுத்த நுண்கடன் ஏதாவது தொங்குகிறதா என்றும் பாருங்கள். சில ஆயிரம் ரூபாய்ப் பாக்கி ஒரு வீட்டுக் கடனையே நிறுத்தியதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

அடுத்தது அந்த 48,000. டெம்போ கடன் தந்த நிறுவனத்துக்குப் போங்கள். "மீதியைக் கட்டுகிறேன், கட்டியதும் பதிவை குளோஸ்ட் என்று மாற்றுவீர்களா?" என்று கேளுங்கள். மாற்றுவதாகக் கடிதம் கையில் வந்த பிறகே பணம் கட்டுங்கள், வாய்ப்பேச்சை நம்பிக் கட்டாதீர்கள். பணத்தை வங்கிக் கணக்கு வழியாகச் செலுத்தி, நிலுவை இல்லாச் சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய தாமதங்கள் உடனே மறையாது. ஆனால் கடன் அதிகாரியின் பார்வை அங்கேயே மாறிவிடும். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, திரும்பி வந்து மீதியைக் கட்டியவர்களின் விண்ணப்பத்தைத் தனியாக எடுத்து வைத்துப் படிப்பேன்.

பிறகு ஓர் ஆண்டு பொறுங்கள். அந்த ஆண்டில் சிறிய நகைக் கடன் ஒன்றை வங்கியில் கணவர் பெயரில் எடுத்து, தேதி தவறாமல் கட்டி அடைத்துவிடுங்கள். அதுவும் பதிவாகும். அவருடைய டெம்போ வாடகையைக் கையில் வாங்காமல் முடிந்தவரை கணக்கில் வரவு வைக்கச் சொல்லுங்கள். வருமானத்துக்குச் சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு அதுதான் சீட்டு.

"இப்போதே கடன் தரும் நிறுவனங்கள் இருக்கின்றனவே" என்று கேட்பீர்கள். இருக்கின்றன. மதிப்பெண் குறைவு என்பதால் வட்டியைக் கூட்டுவார்கள். 12 லட்சத்தை 20 ஆண்டுக்கு எட்டரை சதவீதத்தில் எடுத்தால் தவணை ஏறக்குறைய 10,414 ரூபாய். பதினொன்றரை சதவீதத்தில் 12,797 ரூபாய். மாதம் 2,383 ரூபாய்தான் வித்தியாசம் என்று தோன்றும். 20 ஆண்டுக்குக் கூட்டினால் 5,71,920 ரூபாய். நீங்கள் கட்ட வேண்டிய 48,000-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குடியிருக்கும் வீட்டிலிருந்து உடனே இறங்கியாக வேண்டிய நிலை இருந்தால் மட்டும் அந்தக் கடனை மாறும் வட்டியில் எடுங்கள். தனிநபர் வீட்டுக் கடனில் மாறும் வட்டியாக இருந்தால், முன்கூட்டி அடைத்தாலோ வேறு வங்கிக்கு மாற்றினாலோ அபராதம் கிடையாது.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. நிலம் உங்கள் பேரில், உங்களுக்குச் சம்பளமும் இருக்கிறது. விண்ணப்பத்தில் முதல் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும். கணவர் இணை விண்ணப்பதாரராக வருவதால் அவருடைய அறிக்கையையும் பார்ப்பார்கள்தான். இருந்தாலும் உங்களுடையது சுத்தமாக இருப்பது பலம். உங்கள் அறிக்கையையும் இன்றே எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: வீட்டுக் கடனுக்கு மூலப்பத்திரம் கேட்கிறார்கள். தாத்தா காலத்துப் பத்திரம் மலையாளத்தில் இருக்கிறது. இது குறையா? (வாசகர், கருங்கல்)

பதில்: குறையே இல்லை. 1956 நவம்பர் 1 வரை நம் மாவட்டத்தின் அன்றைய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தன. கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பெட்டிகளில் மலையாளப் பத்திரம் இருப்பது இயல்பு. வேற்று ஊரிலிருந்து புதிதாக வந்த மேலாளர் திகைக்கலாம். மலையாளம் தெரிந்த ஆவண எழுத்தரிடமோ வழக்கறிஞரிடமோ தமிழில் மொழிபெயர்த்து, சான்றொப்பத்துடன் அசலோடு சேர்த்துக் கொடுங்கள். அதைவிட முக்கியம், பழைய பத்திரத்தில் உள்ள சர்வே எண்ணும் இன்றைய பட்டாவில் உள்ள எண்ணும் வேறாக இருந்தால், இரண்டும் ஒரே நிலம் என்பதற்குத் தாலுகா அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். வங்கி வழக்கறிஞர் மொழியைவிட அங்கேதான் நிற்பார். பழைய ஒற்றி ஏதாவது மீட்கப்படாமல் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்றிலும் பாருங்கள்.

கேள்வி: நண்பனின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவன் கட்டவில்லை. என் வீட்டுக் கடனை மறுக்கிறார்கள். நான் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லையே? (வாசகர், குளச்சல்)

பதில்: வாங்காவிட்டாலும் கையெழுத்து உங்களுடையது. அந்தக் கடன் உங்கள் அறிக்கையிலும் ஏறும். என் தம்பிக்கும் இதே நிலை வந்தது. கூடப் படித்தவனுக்குப் போட்ட ஒரு கையெழுத்தால் மூன்று ஆண்டு தம்பியின் வீடு அஸ்திவாரத்தோடு நின்றது. நண்பனின் வீட்டுக்கு நேரில் போய், எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குள் கட்டுவான் என்று அவன் பெற்றோர் முன்னிலையில் பேசுங்கள். அவனால் முடியாதென்றால் நீங்கள் கட்டி, கட்டியதற்கு ரசீதும் நிலுவை இல்லாச் சான்றும் உங்கள் பெயரைக் குறிப்பிட்டு வாங்குங்கள். கட்டிய தொகையை அவனிடமிருந்து வசூலிக்கச் சட்டப்படி உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதற்கு அந்த ரசீதுதான் ஆதாரம்.