நாலு கோழி, ஒரு நாள் வண்டி: வான் ரென்சலேர் குத்தகைப் பத்திரங்கள், கேள்வி பதில்

நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியைச் சுற்றி, ஹட்சன் ஆற்றின் இரு கரையிலும் நிலம் வைத்திருந்தவர் மூன்றாம் ஸ்டீபன் வான் ரென்சலேர் (1764–1839). அந்தப் பண்ணையின் பத்திரங்களும் பேரேடுகளும் ஆல்பனியில் உள்ள மாநில நூலகத்தில் இருக்கின்றன. அவற்றைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

கே: குத்தகை என்கிறீர்கள். எத்தனை வருடத்துக்கு?

ப: காலவரையே கிடையாது. தலைமுறை தலைமுறையாக உழலாம். வரி கட்டுவதும் குடியானவர்தான். முதல் ஏழு வருடம் குத்தகை கேட்பதில்லை. காட்டை வெட்டி, வீடு கட்டி, நிலம் விளைச்சலுக்கு வந்த பிறகுதான் கணக்கு தொடங்கும். தூண்டில் போட்ட மாதிரிதான்.

கே: கோழியும் கொடுக்க வேண்டுமாமே, உண்மையா ஐயா?

ப: உண்மைதான். வழக்கமான பத்திரத்தில் வருடத்துக்கு 100 ஏக்கருக்கு 10 முதல் 14 புஷல் கோதுமை, கொழுத்த கோழி நான்கு, குதிரையும் வண்டியுமாக ஒரு நாள் வேலை என்று இருக்கும். ஒரு புஷல் கோதுமை சுமார் 27 கிலோ. படிக்கும்போது கோழிதான் கண்ணில் படும், சிரிப்பும் வரும். குடியானவர் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் வேறு.

கே: என்ன காரணம்?

ப: விற்பனை ஷரத்து. நிலத்தை இன்னொருவருக்குக் கைமாற்றினால் விலையில் கால் பங்கு பண்ணைக்கு. வீடும் களஞ்சியமும் கட்டியது குடியானவர். அந்த உழைப்பின் விலையிலும் கால் பங்கு போய்விடும். சுரங்க உரிமை, ஆலை ஓட்டும் ஓடை எல்லாவற்றையும் பண்ணை தன்னிடமே வைத்துக்கொண்டது.

கே: அவரை ‘நல்ல பட்ரூன்’, அதாவது நல்ல நிலப்பிரபு, என்றார்களே? 1824-ல் டிராய் நகரில் பொறியியல் கல்லூரி தொடங்கியவரும் அவர்தானே?

ப: அவரேதான். நல்லவர் என்பதற்குச் சாட்சி பத்திரத்தில் இல்லை, பேரேட்டில் இருக்கிறது. பண்ணைக்குள் இருந்த ஹெல்டர்பெர்க் மலைப்பக்கம் கோதுமைக்கு ஏற்ற மண் இல்லை, பாக்கி ஏறிக்கொண்டே போனது. அவர் நெருக்கவில்லை. ஆனால் அந்தப் பாக்கியைத் தள்ளுபடி செய்துவிடவுமில்லை. 1839-ல் இறந்தபோது நிலுவை சுமார் 4 லட்சம் டாலர். அதை வசூலித்துத் தன் கடனை அடைக்கச் சொன்னது உயில். அதுவரை கருணையாக இருந்தது ஒரே நாளில் கடனாகிவிட்டது. என் கணக்கில் அவருடைய பெரிய தவறு அதுதான்.

கே: பிள்ளைகள் வசூலித்தார்களா?

ப: மேற்குக் கரை நான்காம் ஸ்டீபனுக்கு, கிழக்கு வில்லியமுக்கு. வசூலிக்கப் போன ஷெரிப்பின் (கவுண்டி எனும் மாவட்டத்தின் காவல் அதிகாரி) ஆட்களைத் தகர ஊதுகுழல் ஊதி, முகமூடியும் சீட்டி அங்கியும் போட்ட கூட்டம் விரட்டியது. 1845-ல் டெலவேர் கவுண்டியில் இதே கலகத்தில் துணை ஷெரிப் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். 1846-ம் வருட மாநில அரசியலமைப்பு, விவசாய நிலக் குத்தகை 12 வருடத்துக்கு மேல் கூடாது என்றது, கால் பங்கையும் நீக்கியது.

கே: அப்போ பழைய பத்திரங்கள் செல்லாமல் போயினவா?

ப: இல்லை தம்பி. அந்த விதி இனிமேல் எழுதும் பத்திரங்களுக்கு மட்டும்.