தொட்டியில் கூத்தாடிப் புழு, கொட்டகையில் குளவிக்கூடு: கேள்வி பதில்

கேள்வி (ஈசூன், சிங்கப்பூர்): ஐயா, எங்கள் சமூகத் தோட்டத்து நீர்த்தொட்டியை வாரந்தோறும் கவிழ்த்துவிடுகிறோம். ஆயினும் மழைநீர் நின்ற இரண்டாம் நாளே கொசுப்புழுக்கள் நெளிகின்றனவே?

பதில்: கவிழ்த்ததோடு நிறுத்திக்கொண்டதுதான் காரணம். ஏடிஸ் கொசு தண்ணீரின் மேல் முட்டையிடுவதைவிட, நீர்மட்டத்தை ஒட்டி ஈரமாயிருக்கும் உட்சுவரிலேயே பெரும்பாலும் முட்டைகளை ஒட்டவைக்கிறது. கசகசாவைவிடச் சிறிய அந்தக் கரும்புள்ளிகளை அழுக்கு என்றே நினைத்துவிடுவோம். தொட்டி காய்ந்தாலும் அவை மாதக்கணக்கில் சாகாமல் கிடந்து, மழைநீர் ஏறித் தொட்டதும் பொரிந்துவிடும். ஆகவே உட்சுவரை, குறிப்பாக விளிம்புக்குக் கீழுள்ள கறைக்கோட்டை, முரட்டுத் தூரிகையால் அழுத்தித் தேய்த்து, கழுவிய நீரைக் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள். நம் ஊர் வெப்பத்தில் முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரமே ஆகும் என்பதால் இதைத் தள்ளிப்போடவும் கூடாது. ஐயமிருந்தால் நீரின்மேல் கையை அசைத்துப் பாருங்கள்: நிழல் விழுந்ததும் தலைகீழாகத் தொங்கும் புழுக்கள் துள்ளிக்கொண்டு அடிக்குப் பாயும்.

கேள்வி (தோ பாயோ): வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் தொட்டியே இல்லையே, எங்கே தேடுவது?

பதில்: துணி காயப்போடும் மூங்கில் கழிகளைச் செருகும் குழாய்களில் தொடங்குங்கள், பயன்படுத்தாதபோது மூடிவையுங்கள். பூந்தொட்டித் தட்டும் அடுத்துக் கவனிக்க வேண்டியதே. கொசு பெருக 20 காசு நாணயத்தளவு தண்ணீர் போதும்.

கேள்வி (தெம்பனிஸ்): வாரியமே கொசுக்களைக் கொண்டுவந்து விடுகிறதே, இது என்ன வேடிக்கை?

பதில்: தேசியச் சுற்றுப்புற வாரியம் 2016இல் களத்தில் தொடங்கிய வோல்பாக்கியா திட்டம் அது. விடப்படுபவை ஆண் கொசுக்கள்; அவை கடிப்பதில்லை. வோல்பாக்கியா நுண்ணுயிரி இல்லாத பெண் கொசு அவற்றோடு இணைந்தால், அதன் முட்டைகள் பொரிப்பதில்லை. அதற்காகத் தூரிகையை ஓரங்கட்டிவிடாதீர்கள்.

கேள்வி (புக்கிட் பாத்தோக்): கொட்டகைக் கூரையடியில் குளவிக்கூடு. இரவில் மண்ணெண்ணெய் ஊற்றலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம், தீவிபத்து, கொட்டு, ஏணியிலிருந்து விழுதல் மூன்றையும் ஒன்றாக வரவழைக்கும் யோசனை அது. கவிழ்த்த தாமரைக்காய்போல அறைகள் வெளியே தெரியும் சிறு கூடென்றால், யாரும் நடமாடாத மூலையில் விட்டுவைக்கலாம். என் பாகற்பந்தலில் ஒன்று உண்டு, அந்தக் குளவிகள் இலைப்புழுக்களைப் பிடித்துப் போகின்றன. ஒரே வாசலுடன் முழுதும் மூடிய பந்து போலிருந்து, வயிற்றில் அகலமான மஞ்சள் பட்டையுள்ள கடந்தைகள் (பெரிய குளவிகள்) வந்துபோனால் விலகி நின்று, பொது இடமானால் நகர மன்றத்திடம் தெரிவியுங்கள். புல்வெட்டும் இயந்திரத்தின் அதிர்வே அவற்றைக் கிளப்பிவிடும். தேனீ கொட்டியதும் கொடுக்கை இழந்துவிடும்; கடந்தை இழக்காததால் ஒன்றே பலமுறை கொட்டும். கொட்டுப்பட்டவருக்கு மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ உடனே 995ஐ அழையுங்கள்.